வேன் வராத வியாழக்கிழமை

சரளாவின் செக் திரும்பிவிட்ட செய்தியை அவளுக்கு முதலில் சொன்னது பேங்க் அல்ல, பட்டறை முதலாளி, எல்லாருக்கும் தவுக்கே, ஆ ஹோங்தான்.

அன்று புதன்கிழமை. பிரேக் பார்க்கக் காலையில் விட்டுப்போன வேனை எடுக்க, புந்தோங் வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். வேனின் முன்சக்கரம் இரண்டும் கழற்றியபடியே கிடந்தது. ஆ ஹோங் வழக்கம்போல கோப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு செக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தார். போன மாதம் கியர்பாக்ஸ் வேலைக்கு அவள் கொடுத்தது.

"சரளா, லு புன்யா செக் தெண்டாங் லா."

லு புன்யா என்றால் உன்னுடைய, தெண்டாங் என்றால் உதை. பேங்க் உதைத்துத் திருப்பிய செக். அவள் அதைக் கையில் எடுக்கக்கூட இல்லை.

"தவுக்கே, எப்படி? அதுல காசு இருந்துச்சே."

"இருந்தா எப்படித் தெண்டாங் ஆவும்?" ஆ ஹோங்குக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பதினைந்து வருடப் பழக்கம். "பழசு கெடக்கட்டும். பிரேக்குக்குச் சாமான் வாங்கணும். சாமான் கடைக்காரன் எனக்குக் கடன் தரமாட்டான். கேஷ் கொண்டாந்தா நாளைக்கே முடிச்சுக் குடுத்துருவேன்."

சரளாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். கட்டியவன் இறந்த பிறகு தனியாகத் தொழில் நடத்தும் பெண்ணுக்கு, வாக்குச் சுத்தமாக இருப்பது ஒன்றுதான் கைமுதல். அடுத்து நின்ற காடிக்கு, ஒரு பழைய காருக்கு, அடியில் படுத்திருந்த பங்களாதேஷ் பையன்கூடத் தன்னைப் பார்ப்பதுபோல் அவளுக்குப் பட்டது.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த கதை இதுதான். கணவர் தர்மேந்திரன் ஸ்கூல் வேன் ஓட்டியவர். நாற்பத்தி நான்கு வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் ஓர் அறநிலைய மையத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அவரால் ஓட்ட முடியாமல் போனதும் சரளா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவரை மிஷினில் படுக்கவைத்துவிட்டுக் காத்திருந்த நேரங்களில்தான், வந்துபோக வழியில்லாமல் நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் மற்ற நோயாளிகளை அறிந்துகொண்டாள். போகிற வழிதானே என்று ஒருவரை ஏற்றினாள், பிறகு இன்னொருவரை. தர்மேந்திரன் போனபின், கருமாதி முடிந்த வாரத்திலேயே அவர்களில் ஒருவர் போன் செய்தார். "கேக்கக் கூடாதுதான்மா. செவ்வாக்கெழம வருவியா?" சரளா போனாள். அதன்பிறகு நின்றதில்லை. வேனில் மாட்டியிருந்த பள்ளிக்கூட அட்டையைக் கழற்றிவிட்டு மையத்தின் பெயரை ஒட்டிக்கொண்டாள்.

மையம் அவளுக்கு மாதக் கடைசியில் பணம் போடும். நன்கொடை பிந்தினால் அதுவும் பிந்தும். பெட்ரோலும் டயரும் பிந்தாதே. அதனால் தர்மேந்திரனின் சேமநிதிப் பணத்தைப் பேங்கில் அடமானமாகப் போட்டு, அதன்மேல் ஓடி என்னும் ஓவர்டிராப்ட் வாங்கியிருந்தாள். கணக்கில் காசு தீர்ந்தாலும் ஒரு வரம்புவரை எடுத்துக்கொள்ளலாம், எடுத்ததற்கு வட்டி கட்டவேண்டும். அந்த வரம்பை அவள் தாண்டியதே இல்லை. அவளுக்கென்று வேறு கணக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து, தஞ்சோங் மாலிம் காடித் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் தினேஸ்வரிக்குப் போன் போட்டாள். மகள் பேங்கின் நுழைவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அங்கிருந்தே கணக்கைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா, வேன் இன்சூரன்ஸ் ரெண்டு தடவ கட்டியிருக்கீங்க."

"ஒரு தடவதான் கட்டுனேன்."

"ரெண்டு தடவ போயிருக்கும்மா. ஒரே நாளு, ஒரே தொகை, மூவாயிரத்துச் சொச்சம் ரிங்கிட். நல்லா யோசிச்சுப் பாருங்க."

சரளாவுக்கு ஞாபகம் வந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பணம் செலுத்துதல் தோல்வி, மீண்டும் முயலவும் என்று வந்தது. முயன்றாள். இரண்டாம் தடவை பச்சை நிறத்தில் சரி என்று காட்டியது. அவ்வளவுதான் நடந்தது.

"அப்ப மொத தடவயும் போயிருச்சும்மா. அதான் ஓடி தாண்டிருச்சு, செக்கு திரும்பிருச்சு. செக்கு திரும்புனதுக்கு ஒரு சார்ஜு, வரம்பு தாண்டுனதுக்கு ஒரு சார்ஜு, மேல வட்டி வேற போட்டிருக்கான்." தினேஸ்வரி பெருமூச்சு விட்டாள். "சரி விடுங்க. பிரேக்குக்குக் காசு நான் இப்பவே போடுறேன்."

போட்டாள். மறுநாள் விடிந்ததும் சரளா பேங்க் மிஷினில் கார்டைச் செருகினாள். காசு வரவில்லை. மகள் அனுப்பிய பணம் கணக்கில் விழுந்திருந்தது, ஆனால் வரம்பைத் தாண்டி விழுந்திருந்த பள்ளம் அதை அப்படியே விழுங்கிவிட்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை ஐந்து பேர் அவளுக்காகக் காத்திருக்க வேண்டியவர்கள். முதல்நாள் மாலையிலேயே எல்லாருக்கும் போன் செய்து, வேன் ஓடாது, பேங்கில் தகராறு, வேறு வழி பாருங்கள் என்று மறைக்காமல் சொல்லியிருந்தாள். செம்மோரில் இருந்த மூவரைப் பிள்ளைகள் கொண்டுபோனார்கள். ஒரு சீனப் பாட்டி பக்கத்து வீட்டுக்காரருடன் போனார். எஞ்சியவர் ஐயாவு.

ஐயாவு இருந்தது சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டுப் பல வருடமாகிவிட்டது. தோட்டம் கைமாறிக் கைமாறி, தொழிலாளர் லயங்களில் நான்கைந்து குடும்பங்கள்தான் மிச்சம். அவரும் மனைவி நல்லம்மாளும் கடைசி வீட்டில். பிள்ளைகள் இல்லை. சரளா டாக்சிக்காரர்களைக் கேட்டுப்பார்த்தாள், செம்மண் பாதை என்றதும் வேண்டாம் என்றார்கள். பீடோரில் இருக்கும் தம்பி தேவனைக் கூப்பிட்டாள். அவன் லாரியோடு ஜோகூரில் இருந்தான். பேங்க் திறக்கிற நேரத்துக்குப் போய் வாசலில் நின்றாள்.

கவுன்டருக்குப் பின்னால் இருந்த அதிகாரி சுவர்ணா என்ற யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண். ஐம்பதை நெருங்கியவர், கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கணக்கைப் பார்த்துவிட்டு மென்மையாகத்தான் சொன்னார்.

"அக்கா, நீங்கள் ரெண்டு தரம் அனுமதி குடுத்திருக்கிறீங்கள். எங்கட பக்கத்தில ரெண்டும் சரியாத்தான் போயிருக்கு. காச நீங்கள் இன்சூரன்ஸ்காரரிட்டத்தான் திருப்பிக் கேக்க வேணும். ரெண்டு கிழமை ஆகும்."

"அத அப்பறம் கேட்டுக்கிறேன்மா. எம் மக நேத்துப் போட்ட காச மட்டும் குடுங்க. ஒரு வயசானவரு டயாலிசிசுக்குப் போவணும். வேன எடுத்தாதான் அவரு போக முடியும்."

சுவர்ணாவின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. "வரம்பு தாண்டின கணக்கில இருந்து எடுத்துத்தர சிஸ்டம் விடாதக்கா. எனக்கு அந்த அதிகாரம் இல்லை."

"யாருக்கு இருக்கு?"

மேலாளர் அன்று கோலாலம்பூரில் கூட்டத்துக்குப் போயிருந்தார். சுவர்ணா இரண்டு இடங்களுக்குப் போன் செய்தார், இரண்டிலும் காத்திருக்கச் சொல்லும் இசைதான் ஓடியது. சரளா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐயாவுக்கு ஒதுக்கிய மிஷின் நேரம் அப்படியே ஓடிப்போனது.

தினேஸ்வரி மத்தியானம் அம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணக்குக்கு மறுபடியும் காசு அனுப்பினாள். ஆ ஹோங் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பிரேக்கை முடித்துக் கொடுத்தார். இதற்கிடையில் சரளா மையத்தைக் கூப்பிட்டு, ஐயாவுக்கு வெள்ளிக்கிழமையில் இடம் கிடைக்குமா என்று கேட்டாள். எல்லா மிஷினிலும் ஆள் இருப்பதாக நர்ஸ் சொன்னாள். தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி, என்றாள். சரளா அதை அப்படியே நல்லம்மாளிடம் சொன்னாள். "சரி," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள் நல்லம்மாள்.

சனிக்கிழமை விடியற்காலையில், செம்மோர்க்காரர்களையும் பாட்டியையும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று, முதலில் தோட்டத்துக்கே போனாள். கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டு மாயாண்டி வெறும் மேலோடு வெளியே வந்தார்.

"ஆம்புலன்ஸு வந்து கொண்டு போச்சும்மா. மூச்சு வுட முடியல. படுக்கவும் முடியல, உக்காரவும் முடியல. நாங்கதான் தூக்கி ஏத்துனோம்."

சரளாவுக்கு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் போல இருந்தது. போக முடியாது. இன்னும் நான்கு பேர் வாசலில் நிற்பார்கள். வேனைத் திருப்பிக்கொண்டு அவர்களை ஏற்றி, மையத்தில் இறக்கி, கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். வழியெல்லாம் அவர்கள் முன் இருக்கை காலியாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

ஐயாவு ஆக்சிஜன் முகமூடியோடு சாய்ந்திருந்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, அவசரமாக மிஷின் போட்டிருக்கிறோம், பிழைத்துக்கொண்டார் என்று டாக்டர் சொன்னார். நல்லம்மாள் வெளியே பெஞ்சில், பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சரளா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா..."

"நீ போன்ல சொன்னத அன்னிக்கே அவருகிட்ட சொல்லிட்டேன்," என்றாள் நல்லம்மாள், அவளைப் பார்க்காமல். "கேக்கல. வியாழக்கெழம விடிய எந்திரிச்சு, சட்டயப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்துட்டாரு. அவ எப்படியும் வந்துருவான்னாரு. வெயிலு ஏறுற வரைக்கும் உள்ள வரல."

நல்லம்மாள் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பாதியைப் பிட்டு நீட்டினாள். "நீயும் பசியாறியிருக்க மாட்ட."

திங்கட்கிழமை சரளா மறுபடியும் பேங்குக்குப் போனாள். இந்தத் தடவை கெஞ்சுவதற்காக இல்லை. சுவர்ணா அவளைக் கண்டதும் முதலில் கேட்டது, "அந்த ஐயா எப்படி இருக்கிறார்?" என்றுதான். சரளா நடந்ததைச் சொன்னாள். குரல் உயர்த்தவில்லை. சுவர்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்கிட்டாங்க," என்றாள் சரளா. "அவங்க சைட்டு அன்னைக்கிக் கோளாறாம். இன்னும் நெறைய பேருக்கு இதேமாரி ரெண்டு தடவ போயிருக்காம். காசு திரும்ப வரும். அது சரி. நீங்க புடிச்ச சார்ஜு?"

"செக் வந்த நேரத்தில கணக்கில காசு இல்லை அக்கா. பிழை ஆரிலயெண்டாலும் அந்த சார்ஜ் விழும். அதுதான் விதி."

"யாரு தப்பு பண்ணாலும் சார்ஜு எனக்கா?"

சரளா கைப்பையை மேசைமேல் வைத்தாள்.

"நான் படிக்காதவ இல்லம்மா, அஞ்சாம் பாரம் வரைக்கும் படிச்சிருக்கேன். அந்தத் திரையில தோல்வின்னு போட்டிருந்துச்சு. தோல்வின்னு போட்டா, காசு போகலன்னுதானே அர்த்தம்? அத நம்பினதுக்கு நான் வட்டி கட்டணுமா? காசு பெருசு இல்ல. நாலு வாரத்துல சம்பாரிச்சிருவேன். ஆனா அந்தத் தவுக்கேகிட்ட என் செக்கு தெண்டாங்னு பேரு ஆயிருச்சு. அவரு மொகத்துல நான் முழிக்கணும். அது எந்த விதியில எழுதியிருக்கு?"

வரிசையில் நின்ற ஒரு மலாய்க்காரர், தமிழ் புரியாவிட்டாலும் தலையைத் திருப்பிப் பார்த்தார். சுவர்ணா எழுந்து, "இதில இருங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தார். தலைமையகத்துக்குப் புகார் அனுப்பியாகிவிட்டது என்றார். இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய பதிலைத் தன் போனுக்கு அனுப்பிவைக்கச் சொன்னார். "கிடைக்குமெண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனா விட மாட்டன்."

அதன்பின் வந்த வாரங்கள் காத்திருப்பிலேயே போயின. பேங்கின் சேவை எண்ணைக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்தார், ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. ஒருவன் சிரித்துவிட்டு, "அக்கா, சின்ன அமௌண்டுதானே லா," என்றான். சரளா போனை வைத்துவிட்டு வேனைக் கழுவப் போனாள். இரண்டாவது தடவை கட்டிய பணம் ஒருநாள் சத்தமில்லாமல் திரும்பிவந்தது. கியர்பாக்ஸ் காசை அன்றே ரொக்கமாக எடுத்துக்கொண்டு ஆ ஹோங்கிடம் போனாள். அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. இனிமேல் செக் வேண்டாமா என்று அவள் கேட்டதற்கு, "அது உன் இஷ்டம்," என்றார். வேண்டாம் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு ஒருபோதும் அவருக்கு அவள் செக் எழுதவில்லை.

ஐயாவு வீடு திரும்பினார். முன்போல நடக்க முடியவில்லை, மாயாண்டியும் சரளாவும் இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றவேண்டும். ஏறியதும் முன் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பேங்குக்காரன் காசு குடுத்துட்டானா?"

"இன்னும் இல்லண்ணே."

"விடாத."

"விடலண்ணே." கொஞ்சதூரம் போனபின் சரளா சொன்னாள், "அன்னைக்கி நீங்க உக்காந்திருந்தீங்கன்னு அக்கா சொன்னாங்க."

"ஆமா." செம்பனை லாரி ஒன்று எதிரில் வந்து கடந்துபோனது. "உள்ள போயி என்னா செய்யிறது? அதான் உக்காந்திருந்தேன். அதுக்கு நீ அழுவாத. ஓட்டு."

அவள் அழுதுகொண்டிருப்பதை அவர் எப்படிக் கண்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மையத்தின் தலைவர் பூபாலசிங்கம், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். அவரை ஒருநாள் அலுவலகத்தில் போய்ப் பார்த்தாள் சரளா. தன் கணக்கைப்பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "என் வேனு நின்னுச்சுன்னா ஒரு ஆளு உயிரு நிக்கிது சார். அத ஒரே ஒருத்தி கையில வுட்டிருக்கீங்க," என்றாள். அடுத்த கூட்டத்தில் பேசினார்கள். கோயில் நிர்வாகத்தின் வேனையும், ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரரின் காடியையும் அவசரத்துக்குக் கூப்பிடலாம் என்று ஏற்பாடாயிற்று. சரளாவின் பணத்தை மாத முதல் வாரத்திலேயே போடுவது என்றும் முடிவு செய்தார்கள். இரண்டாவதை அவள் கேட்கவில்லை. கணக்கர் யாரிடமோ விசாரித்து அறிந்திருக்கவேண்டும்.

மழை தொடங்கிய மாதத்தில் சுவர்ணா தானே கூப்பிட்டார். "அக்கா, ரெண்டு சார்ஜும் திருப்பிப் போட்டாச்சு. வட்டி மட்டும் தர மாட்டினமாம். நல்லெண்ணத்தின் பேரில் எண்டு போட்டிருக்கினம்."

"நல்லெண்ணம்னா? எங்க தப்புன்னு போட மாட்டாங்களா?"

"அப்பிடிப் போட மாட்டினம் அக்கா."

சரளா வேனை ஓரமாக நிறுத்தியிருந்தாள். பின்னால் நான்கு பேர், பக்கத்தில் ஐயாவு. "சரிம்மா. நீங்க சொன்ன மாரியே விடல. அதுக்கு நன்றி," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சந்தோஷம் என்று எதுவும் பெரிதாக வரவில்லை. தோளிலிருந்து ஒரு சுமை இறங்கிய இடத்தில் வலி மட்டும் இருந்தது.

ஐயாவு அதற்குப்பிறகு தீபாவளியைப் பார்த்தார், பொங்கலைப் பார்க்கவில்லை. தூக்கத்தில் போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். அந்த வியாழக்கிழமைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று சரளா மையத்து டாக்டரிடம் ஒருதடவை கேட்டாள். அவர் நேர்மையானவர். "சொல்ல முடியாது," என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. சரளாவும் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் நல்லம்மாள் போன் செய்தாள். ஐயாவு பேரில் பேங்கில் கொஞ்சம் காசு இருக்கிறதாம், போய்ப் பார்க்கவேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். சரளா போய் அழைத்துவந்தாள். வேறு பேங்க், வேறு ஆட்கள். கவுன்டரில் ஓர் இளைஞன் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இங்கே, இங்கே, இங்கே என்று விரலைக் காட்டினான். நல்லம்மாள் மை தொட்ட கட்டைவிரலைத் தூக்கியவள், வைக்காமல் சரளா பக்கம் திரும்பினாள்.

"இதுக்கும் காசு புடிப்பாங்களா?"

சரளா காகிதங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாற்காலியை முன்னால் நகர்த்தி உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக விளக்கச் சொல்லி அந்த இளைஞனைக் கேட்டாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். அவன் விளக்கத் தொடங்கினான்.